பூட்டிய வீட்டில் இரண்டு சோடி ஸ்பீக்கர்கள்

அந்த ஸ்பீக்கரின் சின்னக் குமிழை அமுக்கியது என் மகளின் விரலா, அல்லது அது முன்னரே அமுங்கித்தான் இருந்ததா? எனக்கு இன்னும் தெரியவில்லை.

கணவர் மன்னாரில் வேலை செய்கிறார். நயினாதீவு வீட்டில் நானும் இரண்டு வயது மகளும்தான். நல்லதாகப் பாட்டுக் கேட்க வேண்டுமென்பது அவருடைய நெடுநாள் ஆசை. அம்ப்ளிஃபையர் வாங்கிவிட்டார், நிலத்தில் நிற்கும் உயரமான ஸ்பீக்கர்கள்தான் மிச்சம். கடலுக்கு அக்கரையில் உள்ள மடத்துவெளியில், கனடாவில் இருக்கும் குடும்பமொன்றின் பூட்டிய வீட்டில் பழைய சோடிகள் இரண்டு விற்பனைக்கு இருந்தன. தெரிவுசெய்யும் பொறுப்பை என்னிடம் தந்தார். பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படித்தவள் என்பதால் என் காதில் அவருக்கு நம்பிக்கை. எனக்கு இல்லை.

மகளை விட்டுவர ஆளில்லை. தூக்கிக்கொண்டு படகேறி, குறிகட்டுவான் துறையில் இறங்கி, ஓட்டோவில் போனேன். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அக்கா வாசல் படலையடியில் நின்றார். வெள்ளிக்கிழமைகளில் வீட்டைத் திறந்து கூட்டி, சாமிக்கு விளக்கு வைத்து, ஒவ்வோர் அறையாகக் கனடாவுக்குத் தொலைபேசியில் காட்டுவது அவருடைய வேலை. அன்று வெள்ளி அல்ல; எனக்காகத் திறந்தார். மகளைக் கண்டதும் சற்றுத் தயங்கிவிட்டு, உள்ளே கொண்டுவரச் சொன்னார்.

கணவர் சொல்லியிருந்தபடி ஸ்பீக்கர் பெட்டிகளின் முன்துணிகளைக் கழற்றி, பெரிய வட்டங்களின் ரப்பர் விளிம்பு வெடித்திருக்கிறதா என்று பார்த்தேன். மேலே இருக்கும், மெல்லிய கீச்சொலிகள் வரும் நகமளவு குமிழ்களைக் கவனிக்கவில்லை. பிறகு இரண்டு சோடியிலும் ஒரே பாட்டைக் கேட்டேன். ஒல்லியான சோடியில் பாடுகிறவர் மூச்செடுப்பதுகூடத் தெரிந்தது. ஆனால் கைபட்டாலே ஆடியது. அகலமான சோடி அசையவில்லை. குரல் மட்டும் தடிமன் பிடித்து மூக்கடைத்தவருடையது போல இருந்தது. எதையும் பிடித்து ஏறும் பிள்ளை இருக்கிற வீடு எங்களுடையது. அகலமானதே போதும் என்றேன். சொன்ன உடனேயே பிழையோ என்று மனம் குடைந்தது. ஒல்லியானதை மறுபடியும் போடச்சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன்.

கண்ணைத் திறந்தபோது மகள் அந்தப் பெட்டியைப் பிடித்தபடி நின்றாள். மேலிருந்த குமிழ் உள்ளே அமுங்கியிருந்தது.

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"அது முந்தியே அப்பிடித்தான், பிள்ளை," என்று துணியை மாட்டிவிட்டார்.

வீட்டுக்காரரிடம் நானே சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"சொல்லிப்போடாதேயும். சின்னப் பிள்ளையளை உள்ளுக்கு விட வேண்டாமெண்டு சொன்னவை. பிறகு வீட்டுத் திறப்பை வேற ஆளிட்டைக் குடுத்திடுவினம்."

வீடு திரும்பி, கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குமிழை ஒட்டுநாடா வைத்து வெளியே இழுக்கலாமாம். சத்தத்தில் பெரிய வித்தியாசம் வராதாம்.

"நீர் காதாலை கேக்கப் போனனீர், பிள்ளை விரலாலை கேட்டிட்டுது. அதையே எடுப்பம்," என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதை எடுத்தால் விஷயம் எங்கள் வீட்டோடு முடிந்துவிடும். ஆனால் ஆடுகிற பெட்டி பிள்ளைமேல் விழுந்தால்? எடுக்காவிட்டால், வரும் வெள்ளிக்கிழமை கனடாவில் இருப்பவர்கள் வேறு ஆட்களுக்குக் காட்டுவதற்காகத் துணியைக் கழற்றச் சொல்வார்கள். அப்போது அக்காவிடம்தான் கேட்பார்கள். நான் உண்மையைச் சொன்னாலும் அவருடைய வேலைதான் போகும். அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். பிள்ளையோடு வந்த என்னைச் சங்கடப்படுத்தக் கூடாதென்று சொன்னதாகவும் இருக்கலாம்.

சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இப்படியான உயரமான பெட்டிகளை வைத்திருப்பவர்கள் யாராவது இதை வாசித்தால், அவற்றைச் சுவரோடு பிணைத்து விழாமல் நிறுத்த முடியுமா என்று சொல்லுங்கள். முடியுமென்றால் ஒல்லியானதையே எடுத்துவிடுவேன். முடியாதென்றால், அக்காவை விட்டுக்கொடுக்காமல் கனடாவுக்கு நான் எதை, எப்படிச் சொல்லலாம்? வெள்ளிக்கு முதல் எழுதினால் நல்லது.