சமையலறையில் எட்டு வாக்குகள்

லண்டன் கிங்ஸ்பரியில் ஒரு பள்ளி மண்டபம், ஞாயிறு மதியம். யாழ்ப்பாணத்து ஊர்ச் சங்கம் ஒன்றின் ஆண்டுக் கூட்டத்தில், மதுரையிலிருந்து வந்த விருந்தாளியாக உட்கார்ந்திருக்கிறேன். தேநீரோடு பேச்சு அமெரிக்காவுக்குப் போகிறது.

"ஒரு பொம்பிளையை ஜனாதிபதியாக்க அந்தச் சனம் இன்னும் ரெடியில்லை," என்கிறார் கூட்டத்தை நடத்தும் பெரியவர். "இலங்கையில நாங்கள் எப்பவோ ஆக்கிப்போட்டம்." எல்லோரும் தலையாட்டுகிறார்கள்.

அடுத்தது சங்கத்தின் தலைவர் தேர்தல். போட்டியில் ஒரு கணக்காளரும், பல வருடங்களாகச் செயலாளராக இருக்கும் வசந்தியும். கைகள் உயர்கின்றன. பெரியவர் எண்ணுகிறார். வசந்திக்கு மூன்று வாக்குகள் குறைவு.

அப்போதுதான் சுற்றிப் பார்க்கிறேன். மண்டபத்தில் இருக்கும் ஒரே பெண் நான். எனக்கோ வாக்கில்லை.

எழுந்து சமையலறைக்குப் போகிறேன். வசந்தியும் இன்னும் ஏழு பெண்களும் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

"ஓட்டு எண்ணி முடிச்சுட்டாங்கக்கா. உங்களுக்கு மூணு குறையுது."

"ஒவ்வொரு வருசமும் நாங்கள் பொரிக்கேக்கதான் எலெக்சன் நடக்கும், தங்கச்சி," என்கிறார் வசந்தி. "ஒருநாளும் யோசிக்கேல்லைப் பாருங்கோ."

அவர் அடுப்பை அணைக்கிறார்.

எட்டுப் பேரும் ரொட்டித்தூள் ஒட்டிய கைகளோடு மண்டபத்துக்குள் வந்து நிற்கிறார்கள். "திரும்ப எண்ணுங்கோ, அண்ணை."

பெரியவர் கோப்பையைக் கீழே வைக்கிறார். "சரி, வசந்திக்கு ஆர்?"

கடைசிக் கை உயரச் சற்று நேரமாகிறது. அது கணக்காளரின் மனைவியுடையது.