பதினோரு முறை உலகத்தை அழித்தவர்

திருமலைசாமி பல்லடத்தில் ஒரு கோழித்தீவன ஆலையில் எடைமேடை குமாஸ்தா. லாரி வந்தால் எடை எழுதுவார், போனால் எடை எழுதுவார், மிச்ச நேரத்தில் உலகத்தை அழிப்பார். 1990க்கும் 1996க்கும் நடுவில் மாத நாவல்களாகப் பதினொன்று எழுதினார். பதினொன்றிலும் உலகம் அழிந்துபோய், மிஞ்சிய ஐம்பது அறுபது பேர் பல்லடத்துக்கும் உடுமலைப்பேட்டைக்கும் இடையில் உயிர் பிழைக்கப் படாதபாடு படுவார்கள்.

“லண்டன், அமெரிக்காவெல்லாம் என்னாச்சுங்க?” என்று ஒருநாள் சீண்டினேன்.

“அதெல்லாம் நான் பாத்ததில்லீங்களே,” என்றார்.

நான் வரதராஜுலு. அந்த நாவல்களை அச்சிட்ட கோயமுத்தூர் அச்சகத்தில் பிழை திருத்துபவன். ஊரார் பிழைகளைத் திருத்தியே வயிறு வளர்த்த நான் செய்த ஒரு பெரிய பிழையும் இந்தக் கதையில் இருக்கிறது.

காங்கேயம் பக்கத்து மலைக்கோயில் ஒன்றில் ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு. யாராவது ஒரு பக்தரின் கனவில் சாமி வந்து ஒரு பொருளைச் சொல்லும். அவர் வந்து சொன்னதும் சந்நிதியில் பூப்போட்டுப் பார்ப்பார்கள். வெள்ளைப்பூ வந்தால் அந்தப் பொருள் பெட்டிக்குள் போகும். அடுத்த உத்தரவு வரும்வரை அங்கேயே இருக்கும். மஞ்சள் வைத்தால் ஈரோட்டு மண்டிவரை அதே பேச்சு. பொருள் மாறிவிட்டது என்று காதில் விழுந்தால் போதும், திருமலைசாமி பஸ் ஏறிவிடுவார். பார்த்துவிட்டு வந்து, அந்தப் பொருள் உலகத்தில் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று எழுத உட்காருவார். அவர் தொழில் ரகசியம் அவ்வளவுதான்.

1996இல் பெட்டியில் ஒரு செம்புத் தண்ணீர் வைத்தார்கள். ஒரே மாதத்தில் ‘அறுநூறு அடி’ என்ற நாவலோடு வந்து நின்றார். அதில் 1999 ஐப்பசியில், அடைமழை மாதத்திலேயே, கொங்குநாட்டுக் கிணறுகள் ஒரே நாளில் வற்றிவிடும்; அறுநூறு அடி போர் போட்டாலும் புழுதிதான் வரும். படிக்க ஆரம்பித்தவன் பிழை திருத்தவே மறந்துபோனேன். நன்றாக விற்கட்டுமே என்று அட்டையில் ஒரு வரியைச் சேர்த்தேன்: ‘ஆண்டவன் உத்தரவில் பிறந்த கதை.’ என் புத்தியை எதால் அடிப்பது?

புத்தகம் பறந்தது. அடுத்த வருஷம் உடுமலைப்பேட்டை பக்கமிருந்து பொங்கியண்ணன் என்கிற தென்னந்தோப்புக்காரர் தேடி வந்தார். திருமலைசாமியும் அன்று அச்சகத்தில் இருந்தார். வந்தவர் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, அவர் முன்னால் கைகட்டி நின்றார்.

“ஏனுங்க, தோப்பை வித்துபோடலாமுங்களா? தண்ணி போயிருச்சுன்னா அப்பறம் ஒருத்தனும் வாங்க மாட்டானுங்க.”

“அது கதைங்க,” என்றார் திருமலைசாமி.

“உத்தரவு வந்தவிங்க அப்படித்தானுங்க சொல்லுவாங்க,” என்று பொங்கியண்ணன் கும்பிட்டார்.

திருமலைசாமி ஒரு தடவைதான் சொன்னார். இன்னொரு தடவை அழுத்திச் சொல்லியிருக்கலாம். ஆனால் எடைமேடையில் லாரிக்காரர்களிடம் ஏச்சு வாங்கிய மனுஷன் முன்னால் அன்றுதான் ஒருவர் கைகட்டி நிற்கிறார். முகம் மலர்ந்துவிட்டது. அட்டை வரி என் வேலை என்று சொல்லாமல் நானும் புரூஃபில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து, அச்சக விலாசத்துக்குத் திருமலைசாமி பேரில் ஒரு கடிதம் வந்தது. பொங்கியண்ணனின் மருமகள் புவனா எழுதியிருந்தாள். வியாழக்கிழமை கிரயம், தோப்பு போனால் குடும்பத்துக்கு வேறு கதியில்லை, நீங்கள் வந்து சொன்னால்தான் மாமனார் கேட்பார். படித்ததும் பல்லடத்துக்கு ஓடினேன். புதன்கிழமை காலையிலேயே இருவரும் தோப்பில் போய் நின்றோம்.

எல்லாம் கற்பனை என்றார் திருமலைசாமி. அட்டையில் போட்டது என் வேலை என்று நானும் தலைகுனிந்து ஒப்புக்கொண்டேன். பொங்கியண்ணன் அசையவில்லை. கிணற்றோரத்தில் கன்னிமார் சாமியாகக் கும்பிடும் ஏழு கற்களுக்கு முன்னால் ஒரு தட்டத்தில் கற்பூரம் ஏற்றினார்.

“சாமி உங்ககிட்ட ஒண்ணுஞ் சொல்லலீன்னு இந்தக் கற்பூரத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணுங்க. நான் கிரயத்தை நிறுத்திபோடறேன்.”

உண்மையைத்தானே சொல்லப் போகிறார், என்ன தயக்கம் என்று நினைத்தேன். திருமலைசாமி கையை நீட்டுவதும் இழுத்துக்கொள்வதுமாக இருந்தார். கற்பூரம் பாதிக்கு மேல் எரிந்துவிட்டது. புவனா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் அடித்து அணைத்தார்.

கிரயம் நின்றது.

திரும்பும்போது பஸ்ஸில் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “மத்த பத்தும் நான் ரோசனை பண்ணி எழுதுனதுங்க. இது மட்டும் கனவுல வந்துச்சுங்க. செம்பைப் பாத்துட்டு வந்த அன்னிக்கு, வருஷம், மாசம் எல்லாமே. பொய்ச்சத்தியம் பண்ணிபோட்டேன்.”

அதற்குப் பிறகு அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. நான் கெஞ்சிப் பார்த்தேன், திட்டியும் பார்த்தேன். சாமிக்கு முன்னால் பொய் சொன்ன கை என்றார். அதைவிடப் பெரிய பயம் ஒன்று உள்ளே இருந்தது. கனவு பலித்துவிட்டால், விற்க இருந்த மனுஷனைத் தடுத்து நடுத்தெருவில் நிறுத்திய பாவம் யாருக்கு?

1999 ஐப்பசி வந்தது. ஒவ்வொரு ஞாயிறும் பல்லடத்திலிருந்து போய் அந்தக் கிணற்றை எட்டிப் பார்த்தார். பொங்கியண்ணனுக்குச் சிரிப்பு. “என்னுங்க, கெணத்துக்குக் காவலுங்களா?” என்று இளநீர் வெட்டிக் கொடுத்தார். இவர் வாங்கிக் கையில் வைத்திருந்தாரே தவிர, குடிக்கவில்லை.

மாதத்தின் கடைசி நாளன்று என்னையும் கூட்டிப்போனார். பொழுது சாயும்வரை கிணற்றடியை விட்டு நகரவில்லை. நல்ல மழை பெய்திருந்தது. படிக்கட்டில் ஆறு படிதான் வெளியே தெரிந்தது, மிச்சமெல்லாம் தண்ணீருக்குள். தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. அவர் படியில் இறங்கி உட்கார்ந்து, கையை முழங்கைவரை தண்ணீரில் விட்டார். தோள் குலுங்கக் குலுங்க அழுதார்.

“சாமி எங்கிட்ட ஒண்ணுமே சொல்லலீங்க, வரதராஜுலு,” என்றார். “நானாத்தான் எழுதியிருக்கேன்.”