செல்வராணி பார்க்காமல் விட்ட ஒரு மணி நேரம்

செல்வராணி சிஸ்டர் மாரடைப்பில் போய்விட்டார் என்று காரைக்குடியிலிருந்து போன் வந்தபோது, திருப்பத்தூரில் நான் பணிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். முதலில் வந்தது கோபம். இனி அவரிடம் எதையும் கேட்க முடியாது.

காரைக்குடி மருத்துவமனையில், குறைமாதக் குழந்தைகள் வார்டில் ஒன்பது வருடம் சேர்ந்து வேலை பார்த்தோம். சம வயது, நீ, வா, போ என்றுதான் பேச்சு. காரில் வீட்டுக்குப் போகும் குழந்தையை, பெற்றோர் கொண்டுவரும் கார் சீட்டிலேயே உட்காரவைத்து, ஒன்றரை மணி நேரம் ஆக்சிஜன் அளவைப் பார்த்த பிறகே அனுப்பும் வழக்கத்தை அங்கே கொண்டுவந்தவர் அவர். சிங்கப்பூரிலிருந்து வந்த சீட்டுக்கு என்ன சோதனை என்று ஒக்கூர்க்காரர் ஒருவர் சத்தம் போட்டார். செல்வராணி அசையவில்லை.

"சீட்டு நல்ல சீட்டுதாண்ணே. பிள்ளைக்குக் கழுத்து நிக்கலையே. தலை சாஞ்சு தாடை நெஞ்சுல முட்டுனா மூச்சு அடைச்சிரும். அழக்கூடத் தெம்பு இருக்காது. செத்த பொறுங்க."

அப்படிப்பட்டவர்தான் கல்லல் ஊர்க்காரர்களின் குழந்தையை அவசரப்பட்டு அனுப்பினார். ராகு காலத்துக்கு முன் கிளம்ப வேண்டும் என்று குடும்பம் நெருக்கியது. நான் வேறொரு குழந்தைக்குக் குழாய் வழியாகப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"முழுசாப் பாத்துட்டேன் கலா. நீ கையெழுத்தைப் போடு" என்றார். சோதனைத் தாளில், பார்த்தவர் என்ற இடத்தில் போட்டேன்.

பாதி வழியில் குழந்தையின் உதடு நீலமாகிவிட்டது. பக்கத்திலிருந்த தாய் கவனித்து, சீட்டிலிருந்து தூக்கி முதுகைத் தேய்த்திருக்கிறார். மூச்சு வந்ததும் திரும்பக் கொண்டுவந்தார்கள். குழந்தை பிழைத்தது.

மெஷினில் அரை மணி நேரப் பதிவுதான் இருந்தது. யார் பார்த்தது என்று விசாரணையில் கேட்டார்கள். செல்வராணி என் முகத்தைப் பார்க்காமல், "கலா சிஸ்டர்தான் பாத்தாக" என்றார். இதைப் படிக்கும் பழைய வார்டு சிஸ்டர்களே, உங்களில் மூன்று பேர் அந்த அறையில் இருந்தீர்கள். உண்மை தெரிந்தும் வாய் திறக்கவில்லை. என்னை வார்டிலிருந்து எடுத்து, வெளி நோயாளிகள் பதிவுக்கு மாற்றினார்கள். சில மாதங்களில் அந்த வேலையை விட்டு, திருப்பத்தூரில் ஒரு மருத்துவமனையில் சேர்ந்தேன்.

பிறகு ஒரே ஒரு முறை, பேருந்து நிலையத்தில் எதிரே வந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், "நல்லா இருக்கீகளா?" என்றார். ஒன்பது வருடம் நீ என்றவர்! "இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் பேருந்தில் ஏறிவிட்டேன். அன்றைக்குப் பயந்துவிட்டேன் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நின்றிருப்பேன்.

துக்கத்துக்குப் போனேன். "பொய்யே பேசத் தெரியாத மனுசி" என்று ஒருவர் அழுதார். மாலையை வைத்துவிட்டுத் திரும்பினேன்.

மெஷின் சத்தம் போடுவதற்கு முன்பே, மூக்கு மடல் விரிவதைக் கண்டு மூச்சுத் திணறலைச் சொல்லிவிடுவார் செல்வராணி. அவரோடு நின்று நின்று என் கண்ணும் அதற்குப் பழகியது. அதை வைத்துக்கொள்கிறேன். மன்னிப்பை அவர் கேட்கவில்லை. நானும் இன்னும் கொடுக்கவில்லை.