பூதத்தின் கதையை மாற்றிச் சொன்னேன்

மலாயாவில் ஜப்பான்காரன் காலத்தில், பாடாங் மேஹா பக்கம் எங்கள் தோட்டத்தில் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கொட்டகை காலியாகக் கிடந்தது. பகலிலும் அங்கே கும்மிருட்டு. கையால் சுற்றும் கருவியில் பழைய ஊமைப்படம் ஒன்றை ஓட்டினோம். கதை சொல்பவன் நான்தான். படத்தில் ஊரே ஒரு பூதத்தைத் துரத்தியபோது, "விடாதே, அடி!" என்று கத்தினேன். கூட்டமும் சேர்ந்து கத்தியது.

கடைசியில் பூதம் செத்ததும் முனியாண்டி எழுந்தான். ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டுபோன சயாம் ரயில் பாதை வேலையிலிருந்து முகமெல்லாம் புண்ணாகத் திரும்பியவன். அவனைத் தனியாக உட்காரச் சொன்னதும் நான்தான்.

"அண்ணே, அது என்னா தப்பு செஞ்சிச்சி? ஏன் அடிக்கிறாங்க?"

யோசித்தேன். அது ஒரு தப்பும் செய்யவில்லை!

முனியாண்டியை என் பக்கத்தில் உட்காரவைத்து, படத்தை முதலிலிருந்து ஓட்டச் சொன்னேன். "பாவம்லா, இவன் வீட்டுக்கு வழி தேடுறான்!" என்று பூதத்தைக் காட்டி ஆரம்பித்தேன். "ஓடு, ஓடு!" என்று கொட்டகையே அலறியது. பூதம் சாகும் இடத்துக்கு முன்பே கருவியை நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ முறை ஓட்டினோம். எங்கள் தோட்டத்தில் அந்தப் பூதம் ஒருமுறைகூடச் சாகவில்லை.