இருபத்து நாலாம் நாள்

ஆறாவது படிக்கும்போது எனக்குக் கணக்கு வராது. மற்ற பாடங்களும் சுமார்தான். ஆனால் அதிலெல்லாம் எதையாவது எழுதி வைத்தால் இரண்டு மார்க்காவது போடுவார்கள். கணக்கில் அந்த இரக்கம் கிடையாது.

கூட்டல், பெருக்கல் எல்லாம் செய்துவிடுவேன். வாக்கியமாக எழுதிக் கேட்டால்தான் தடுமாறுவேன். பாடப் புத்தகத்தில் பயிற்சிக்குப் பின்னால் மேற்சிந்தனைக் கணக்குகள் என்று கொஞ்சம் போட்டிருப்பார்கள். அதில் ஒருவர் தோட்டத்துக்கு வேலி போடுவார். ஒருவர் ஆப்பிள் வாங்கிக்கொண்டே இருப்பார். ஒரு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் அடிக்கும், இன்னொன்று பதினெட்டு நிமிடத்துக்கு ஒரு தரம் அடிக்கும். இரண்டும் சேர்ந்து எப்போது அடிக்கும் என்று கேட்பார்கள். அடிக்கும்போது காதில் விழத்தானே போகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

எங்கள் வீடு நிலக்கரிச் சுரங்கத்து டவுன்ஷிப்புக்கு வெளியே. பள்ளிக்கூடம் உள்ளே, கம்பெனி குவார்ட்டர்ஸ் இருக்கிற பிளாக்கில். அப்பா மைன்ஸில் கான்ட்ராக்ட். கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற கரியை வாரி மறுபடியும் பெல்ட்டிலேயே போடுகிற வேலை. அம்மாவும் கான்ட்ராக்ட்தான், கேன்டீனில். விடிவதற்கு முன்னால் போய் மூன்று மணிக்கு வருவாள்.

அப்பா எந்த நேரத்தில் வீட்டில் இருப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது. ஏ ஷிஃப்ட் காலையில். பி ஷிஃப்ட் மதியத்துக்கு மேல். சி ஷிஃப்ட் ராத்திரி. பகலில் அவர் தூங்கினால் அது லீவுத் தூக்கமா, சி ஷிஃப்ட் முடித்து வந்த தூக்கமா என்று பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. இரண்டுக்கும் குறட்டை ஒன்றுதான். அம்மாவுக்கே பல நாள் தெரியாது. எழுப்பித்தான் கேட்பாள்.

அந்த வருஷம் கணக்குக்குப் புதிதாக ஒரு சார் வந்தார். மதுரைப் பக்கம். மீச்சிறு பொது மடங்கு, அதாவது மீ.சி.ம., நடத்தினார். இரண்டு காரியங்கள் வேறு வேறு இடைவெளியில் நடந்தால் மறுபடி எந்த நாளில் ஒன்றாக நடக்கும் என்று அதை வைத்துச் சொல்லலாமாம். புத்தகத்துக் கணக்கு போதும், அவரவர் வீட்டிலிருந்து ஒரு கணக்கு செய்துகொண்டு வாருங்கள் என்றார்.

“வீட்டுல நடக்காதத எழுதிட்டு வராதீங்க. நான் செக் பண்ணுவேன்.”

அன்று திங்கட்கிழமை. வீட்டுக்கு வந்தால் அப்பா, அம்மா இரண்டு பேருக்குமே லீவு. எங்கள் வீட்டில் அது லேசில் நடக்காது. அப்பா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அம்மா போர்வை அலசினாள். கணக்கு தானாக வந்து உட்கார்ந்திருக்கிறது என்று எனக்குப் பட்டது.

“எப்பா, உனுக்கு எத்தினி நாளு வேல பாத்தா லீவு?”

“எட்டு நாள் டூட்டி பாத்தா ஒரு நாள் ஆஃப்.”

“உனுக்கும்மா?”

“பன்னண்டு நாளு போனா ஒரு நாளு குடுப்பாங்க. எதுக்குடி?”

“கணக்குக்கு.”

அம்மா போர்வையை முறுக்கிப் பிழிந்தாள். “இத வச்சி இன்னாடி கணக்கு. அதுவும் நீ.”

எட்டு, பன்னிரண்டு என்று எழுதிக்கொண்டேன். கோடு கிழித்து வகுத்தேன். இருபத்து நாலு வந்தது. மீதி எதுவும் நிற்கவில்லை. எனக்கு அப்படி வருவது அதுதான் முதல் தடவை.

மறுநாள் எல்லோருடைய கணக்கையும் சார் வாங்கிப் பார்த்தார். என் பக்கத்தில் உட்காரும் பெண் குவார்ட்டர்ஸ்காரி. அவள் அப்பா பெர்மனன்ட். அவர்கள் கார் சர்வீஸுக்குப் போகும் நாளையும் ஏ.சி.க்கு ஆள் வரும் நாளையும் வைத்துக் கணக்கு எழுதியிருந்தாள். சார் அதற்கு டிக் போட்டார். என்னுடையதற்குப் பெரிய டிக் போட்டு, கீழே ‘மிக நன்று’ என்று எழுதினார். பிறகு வகுப்புக்கே படித்துக் காட்டினார். அப்பாவுக்கு எட்டு நாளுக்கு ஒரு முறை ஓய்வு, அம்மாவுக்குப் பன்னிரண்டு நாளுக்கு ஒரு முறை ஓய்வு, நேற்று இருவருக்கும் ஓய்வு, மீண்டும் என்றைக்கு இருவரும் சேர்ந்து ஓய்வில் இருப்பார்கள்.

குவார்ட்டர்ஸ்காரி எழுந்து நின்றாள். “சார், கான்ட்ராக்டுக்கு லீவே கிடையாது சார். எங்க டாடி சொல்லிருக்காரு. இவ சும்மா எழுதிட்டு வந்துருக்கா.”

“நெசமாத்தான் சார்,” என்றேன்.

சார் சிரித்தார். “கணக்குல கடைசி படி என்ன? சரிபார்த்தல். இருபத்து நாலாம் நாள் என்னைக்கு வருது? வியாழக்கிழமை. அன்னைக்கு உங்க அப்பா அம்மா ரெண்டு பேரையும் பத்து மணிக்குக் கூட்டிட்டு வா. வந்துட்டா விடை சரி. வரலைன்னா டிக்க அழிச்சிருவேன்.”

அவர் விளையாட்டாகத்தான் சொல்லியிருப்பார். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. என் நோட்டில் இருந்தது ஒரே ஒரு பெரிய டிக்.

வீட்டுக்குப் போய் நாள்காட்டியில் அந்த வியாழக்கிழமையைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டேன். அப்பா ரொம்ப நேரம் அதைப் பார்த்தார்.

“இந்த நாளா?”

“ஆமா. அன்னிக்கி உங்க ரெண்டு பேருக்கும் ஆஃப்.”

“யாரு சொன்னது?”

“கணக்குல வந்துருக்குது.”

அவர் என் நோட்டை வாங்கினார். டிக் மேல் விரலை வைத்துப் பார்த்தார். கையில் எண்ணெய் இருந்தது, கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. “கணக்குல வந்துட்டா சரிதான்,” என்றார். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்புறம், “வாத்தியாரே டிக் போட்டாரா?” என்று மட்டும் கேட்டாள். போட்டார் என்றேன். “அப்ப சரி,” என்று அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

எட்டாம் நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். லீவு, கணக்கு சரியாகப் போகிறது என்று ஒரு விரலை மடக்கினேன். விளக்கு வைக்கிற நேரத்தில் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு எங்கேயோ போனார். எங்கே என்று நான் கேட்கவில்லை. குவார்ட்டர்ஸ்காரிதான் தினமும் கேட்டாள். “இன்னும் எத்தன நாள்டி?” நானும் சளைக்காமல் பதில் சொன்னேன்.

புதன்கிழமை அப்பா ஏ ஷிஃப்ட் முடித்து மூன்று மணிக்கு வந்தார். சாப்பிட்டார், கொஞ்சம் படுத்தார். இருட்டினதும் மறுபடியும் தூக்குச்சட்டியோடு கிளம்பினார். எங்கே என்று கேட்டேன். “ஒருத்தரப் பாத்துட்டு வரேன்,” என்றார். ஒருத்தரைப் பார்க்க எதற்குச் சோறு என்று யோசித்துக்கொண்டே தூங்கிவிட்டேன்.

வியாழக்கிழமை காலையில் வந்தார். குழாயடியில் தலையை நனைத்துக்கொண்டு வெள்ளைச் சட்டை போட்டார். கண் இரண்டும் மிளகாய் போலச் சிவந்திருந்தது. அம்மா கேன்டீனுக்குப் போகவில்லை. கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையைக் கட்டியிருந்தாள். நான் முன்னால் பார் மேல், அம்மா பின்னால் கேரியரில், ஒரே சைக்கிளில் மூன்று பேரும் போனோம்.

சார் இரண்டு நாற்காலி போட்டு வைத்திருந்தார். அப்பா உட்காரவில்லை. அவர் நிற்பதால் அம்மாவும் நின்றாள். போர்டில் எட்டு, பன்னிரண்டு, இருபத்து நாலு என்று பெரிசு பெரிசாக எழுதியிருந்தது.

“இன்னைக்கு உங்களுக்கு ஓய்வுதானுங்களே?”

“ஆமாங்க சார்.”

“அம்மாவுக்கும்?”

“ஆமாங்க.”

வகுப்பு கைதட்டியது. நான் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். குவார்ட்டர்ஸ்காரி தட்டவில்லை. எழுந்துவிட்டாள். “சார், அடுத்த லீவு என்னைக்குன்னு கேளுங்க சார்.”

சார் கேட்டார். அப்பா யோசிக்காமல் சொல்லிவிட்டார். “எட்டு நாள் டூட்டி பாத்துட்டு, ஒம்போதாம் நாளுங்க.”

சார் கையில் இருந்த சாக்பீஸ் அப்படியே நின்றது. “ஒன்பதாம் நாள்,” என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டார். போர்டைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். “உங்களுக்கும்மா?”

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா காலைப் பார்த்தார். “கணக்குல எப்பிடி இருக்குதோ அப்பிடித்தாங்க,” என்றாள் அம்மா.

சார் கொஞ்ச நேரம் அப்பாவின் கண்ணையே பார்த்தார். பிறகு திரும்பி, இருபத்து நாலுக்குக் கீழே ‘சரிபார்க்கப்பட்டது’ என்று எழுதினார். அடியில் இரண்டு கோடு போட்டார். “உக்காரும்மா,” என்று குவார்ட்டர்ஸ்காரியிடம் சொன்னார். என்னை அப்பா அம்மாவோடு வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்.

என் கணக்கு தப்பு என்பது நானே ஹவுஸ்கீப்பிங் வேலைக்குச் சேர்ந்து ஆஃபுக்கு நாள் எண்ணும்போதுதான் விளங்கியது. எட்டு நாள் டூட்டி, ஒரு நாள் ஆஃப் என்றால் ஒன்பது நாளுக்கு ஒரு முறைதான் ஆஃப் வரும். அம்மாவுக்குப் பதிமூன்று. இரண்டும் சேர நூற்றுப் பதினேழு நாள் ஆகும். இருபத்து நாலாம் நாள் இரண்டு பேருக்குமே டூட்டி. எங்கள் பக்கத்தில் மியூச்சுவல் என்று ஒன்று உண்டு. நம் டூட்டியை இன்னொருவர் பார்ப்பார், பதிலுக்கு அவர் டூட்டியை நாம் பார்க்க வேண்டும். அப்பா ஒருத்தருடைய சி ஷிஃப்டைப் பார்த்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். அம்மா தனக்கு வர இருந்த லீவைத் தன்னோடு வேலை செய்கிறவளுக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். தன் நாள் மட்டும்தான் கணக்கில் தவறிவிட்டது என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறார்கள். மற்றவரிடம் சொல்லவும் இல்லை.

அன்று சைக்கிளில் எனக்கு இது எதுவும் தெரியாது. அம்மாதான் பின்னாலிருந்து ஆரம்பித்தாள்.

“ஏங்க, இன்னிக்கி உங்களுக்கு ஆஃப்தான?”

“ஆமா. ஏன், உனுக்கு?”

“எனுக்கும்தான்.”

கொஞ்ச தூரம் போனோம்.

“கண்ணு ஏன் இப்பிடிச் செவந்துகினு இருக்குது?”

“தூசி.” அப்பா இரண்டு மிதி மிதித்தார். “நேத்து கேன்டீன்ல சூப்பர்வைசருகிட்ட இன்னாமோ கெஞ்சிகினு இருந்தியாமே. நம்ம ஆளுங்க சொன்னாங்க.”

அப்பாவின் முதுகுக்குப் பின்னால் அம்மா க்ளுக் என்று சிரித்தாள். அப்பாவுக்கும் தொற்றிக்கொண்டது. ஹேண்டில்பார் ஆடியது. இரண்டு பேரும் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. குவார்ட்டர்ஸ்காரி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்ததை நினைத்துச் சிரிக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு, நானும் சேர்ந்து சிரித்தேன்.

சிரித்து முடித்து, ஞாபகமாகச் சொன்னேன். “அடுத்தது இன்னும் இருபத்து நாலு நாள்ல வரும். மறந்துடாதீங்க. அவ கண்டிப்பா கேப்பா.”

அப்பா காலை ஊன்றி சைக்கிளை நிறுத்தினார்.

“எத்தினி நாளு?”

“இருபத்து நாலு. வட்டம் போட்டு வக்கிறேன்.”

அம்மா கேரியரிலிருந்து இறங்கி என் முன்னால் வந்து நின்றாள். முகத்தில் சிரிப்பு இன்னும் பாதி இருந்தது. “ஏண்டி, நீ தமிழு நல்லாத்தான படிக்கிற. அதையே படியேன்,” என்றாள்.

சரிபார்த்து, அடியில் இரண்டு கோடு போட்ட கணக்கு. அதைப் போட்டவளைப் பார்த்து இப்படி ஒரு பேச்சு. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மதியம் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் இரண்டு பேரிடமும் பேசவே இல்லை.