பச்சைச் சட்டையில் முதல் காட்சி

சிம்மக்கல்லில் நான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையில் சேலைகளுக்கெல்லாம் சினிமாக் கணக்கில்தான் பெயர். கம்பெனிக்காரன் என்ன பெயர் ஒட்டி அனுப்பினாலும் கவுண்டருக்கு வந்ததும் நாங்கள் மாற்றிவிடுவோம். கதாநாயகி கோபித்துக்கொண்டு பஸ் ஏறும்போது கட்டியிருந்த சேலை, அழுதுகொண்டே தோசை சுடும்போது கட்டியிருந்த சேலை என்று சொன்னால்தான் வாங்க வருகிறவர்களுக்கு விளங்கும். அழுத சேலையைக் கல்யாணத்துக்கு எடுக்கலாமா என்று ஒரு குடும்பமே நின்று யோசித்ததும் உண்டு.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் மூன்று பேர் மாடிப்படிக்குக் கீழே உட்காருவோம். நான், பில் போடும் அக்கா, கடை வாசலில் மெஷின் போட்டுச் சேலையின் கீழ் ஓரத்துக்கு பால்ஸ் துணி வைத்து அடிக்கும் பெண். அக்கா காஜிமார் தெருப் பள்ளிவாசல் பக்கம். எந்த நடிகர் எந்தப் படத்தில் எந்தப் பாட்டுக்கு என்ன பேண்ட் போட்டார் என்று அப்படியே சொல்வார். பால்ஸ்காரப் பெண்ணுக்கு ரவிக்கைக் கைதான் முக்கியம், கதை எப்படிப் போனாலும் அவளுக்குக் கவலையில்லை. எனக்கு எல்லாமே முக்கியம். மூன்று பேருக்கும் ஒரே நாயகன் என்பதால் சண்டை வராது. ஆனால் மூன்று பேருமே அவர் படத்தை முதல் நாள் முதல் காட்சி பார்த்தது கிடையாது. கூட்டம் அடங்கி, வீட்டு ஆட்களெல்லாம் பார்த்து முடித்துக் கதையையும் சொன்ன பிறகுதான் எங்கள் முறை வரும்.

என் தம்பி கீழக்குயில்குடியில் எனக்கு அடுத்த வீடு. எங்கள் பக்கத்து ரசிகர் மன்றத்துக்கு அவன்தான் தலைவன். முதல் காட்சிக்கு மன்றத்துப் பையன்கள் எல்லாரும் புதுப் படத்தில் நாயகன் போட்டிருக்கும் சட்டையைப் போலவே தைத்துப் போட்டுக்கொண்டு போவார்கள். அதற்கு யூனிபார்ம் என்று பெயர். நடு வரிசைகள் யூனிபார்முக்கு மட்டும். இந்த வருஷப் படத்துக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தவனிடம், எங்களுக்கும் மூன்று எடு என்றேன். பொம்பளைகளுக்கு அந்தக் கூட்டம் ஆகாது என்றான். நாங்களும் யூனிபார்மில் வருகிறோம் என்றேன். அவன் சிரித்தான்.

"சரிக்கா. என்ன சட்டைன்னு நான் சொல்ல மாட்டேன். நெசமான ரசிகையா இருந்தா நீங்களே கண்டுபிடிச்சுத் தச்சுப் போட்டு வாங்க. தப்பா வந்தீங்கன்னா இனிமே முதல் ஷோன்னு வாயத் தெறக்கக் கூடாது."

சரி என்று சொல்லிவிட்டேன். அவன் மனைவி சோற்றுப்பானையை வடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் குளிக்கப் போனதும் என் வீட்டுப் பக்கம் வந்து, தனக்கும் ஒரு சட்டை தைக்க முடியுமா என்று கேட்டாள். "போட முடியாட்டியும் பரவாயில்ல மதினி. பீரோவுல இருக்கட்டும்." அளவு ரவிக்கையை எடுத்து வா என்று அவளை விரட்டினேன்.

மறுநாளே கடைக்கு எதிர்ச் சுவரில் புதுப் போஸ்டர். மேலே நாயகன் முகம், கீழே ஒரு மோட்டார் பைக். நடுவில் எவரோ ஒரு பெரியவருக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டரை ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். எங்கள் ஊர்ச் சுவரில் எதையும் முழுசாகப் பார்க்கக் கொடுத்துவைக்க வேண்டும். ஆனாலும் அஞ்சலிக்கு அடியில் ஒரு கை மட்டும் வெளியே வந்து பைக்கின் கைப்பிடியைப் பிடித்திருந்தது. மடித்துவிட்ட சட்டைக் கை, நல்ல மயில் பச்சை. நான் ரோட்டைக் கடந்து போய் அதே பச்சையில் ஒரு துண்டுத் துணியை வைத்துப் பார்த்தேன். அச்சு அசலாகப் பொருந்தியது.

பால்ஸ்காரப் பெண் போனில் டிரெய்லரைக் காட்டி, இதில் நீலம் மாதிரியல்லவா தெரிகிறது என்று இழுத்தாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. போனில் நீலம் என்று பார்த்து ஆர்டர் போட்டு, நேரில் பச்சையாக இருக்கிறதென்று சண்டைக்கு வருகிறவர்களைத் தினமும் சமாளிக்கிறவள் நான். போன் கலரை நம்பாதே என்பதுதான் எங்கள் கடையில் முதல் பாடம். இத்தனை வருஷம் துணிக்கடையில் நின்றவளுக்குப் பச்சைக்கும் நீலத்துக்கும் வித்தியாசம் தெரியாதா என்று கேட்டேன். அவள் துணியை வெட்டினாள். மூன்று சட்டை, அக்காவின் முக்காட்டுக்கு அதே துணியில் ஒரு நீளத் துண்டு, அப்புறம் யாரிடமும் சொல்லாமல் நாலாவதாக ஒரு சட்டை.

படம் வந்த அன்று காலைக் காட்சிக்கு முதலாளியிடம் கெஞ்சி அரை நாள் லீவு வாங்கி, ஆட்டோ பிடித்துப் போய் இறங்கினோம். தியேட்டர் வாசலில் மேளம், பாலாபிஷேகம், பட்டாசுப் புகை. புகை விலகியபோது பார்த்தேன். அத்தனை பேரும் நீலச் சட்டை. ஒருத்தன் மாறி இல்லை. அதற்கு நடுவில் பச்சையில் நாங்கள் மூன்று பேர். ஒரு பையன் மிகவும் மரியாதையாக, "அக்கா, நீங்க வேற நடிகர் ரசிகரா?" என்று கேட்டான்.

தம்பி தூரத்திலிருந்தே பார்த்துவிட்டான். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, பாவமாகப் பார்த்தான். நடு வரிசை கிடையாது என்று சொல்லிக் கடைசி வரிசை மூலையில் எங்களை உட்கார வைத்தான். படம் தொடங்கி நாயகன் நீலச் சட்டையில் வந்து நின்றபோது தியேட்டரே எழுந்து ஆடியது. நான் மட்டும் எழுந்திருக்கவில்லை. பச்சை என்று அடித்துச் சொன்னதும் நான், இவர்களை இழுத்துக்கொண்டு வந்ததும் நான். இடைவேளையில் போய்விடலாம் என்று மெதுவாகச் சொன்னேன்.

அக்கா முறுக்கைக் கடித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "நான் வீட்லயும் கேட்டு, கடைலயும் கேட்டு வந்திருக்கேன். படத்தப் பாக்காமப் போனா இம்புட்டுக் கேட்டதுக்கும் அர்த்தமில்ல. உக்காரு."

உட்கார்ந்தேன். இரண்டாம் பாதியில் ஊரே சேர்ந்து நாயகனை அடித்துப் போட்டுவிடுகிறார்கள். அவரைத் தூக்க ஆளில்லை. தியேட்டரில் சத்தமே இல்லை. அப்போது தூரத்தில் ஒரு பைக் சத்தம். முதலில் சக்கரம் வந்தது, பிறகு கைப்பிடி, பிறகு அதைப் பிடித்திருந்த கை. மடித்துவிட்ட சட்டைக் கை, மயில் பச்சை.

கதாநாயகி. அதுவரைக்கும் பாட்டுக்கு மட்டும் வந்துபோன பெண், பச்சைச் சட்டையில் பைக்கை ஓட்டி வந்து, நாயகனைத் தூக்கிப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு அத்தனை பேருக்கும் நடுவே கிளம்புகிறாள். அவள் தோளுக்கு மேல் அவர் முகம். அதே போஸ்டர். கண்ணீர் அஞ்சலிக்குப் பின்னால் மறைந்திருந்த முகம் அவளுடையது.

எனக்கு விளங்கி முடிப்பதற்குள் பால்ஸ்காரப் பெண் எழுந்து நின்று இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தாள். அவளுக்கு விசில் அடிக்கத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. முன்வரிசைகள் திரும்பிப் பார்த்தன. திரையில் ஒரு பச்சை, கடைசி வரிசையில் மூன்று பச்சை. கிழித்து வைத்திருந்த காகிதத்தையெல்லாம் பையன்கள் எங்கள் மேல் தூவினார்கள். வாசலில் என்னைக் கேள்வி கேட்ட பையன் நாற்காலி மேல் ஏறி நின்று எங்களைப் பார்த்துக் கும்பிட்டான். அக்காவின் முக்காடு முழுக்கக் காகிதம். நான் அழுதேன், சிரித்தேன், ஆடவும் செய்தேன். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் எந்த இடத்திலும் பட்டதில்லை.

அந்தக் காட்சியோடு வந்த பாட்டு முடிவதற்குள் எங்களை நடு வரிசைக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

படம் விட்டதும் தம்பி வந்தான். எப்படிக் கண்டுபிடித்தாய், டிரெய்லரில்கூட இது வரவில்லையே என்று கேட்டான். உண்மையைச் சொல்ல எனக்கென்ன பைத்தியமா. நெசமான ரசிகைக்குத் தெரியும் என்றேன். அக்கா இருமுவது போல் திரும்பிக்கொண்டார். அவன் கொஞ்ச நேரம் செருப்பைத் தேய்த்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, அந்தத் துணி இன்னும் இருக்குமா? வீட்ல அவளுக்கு ஒண்ணு தைக்கணும்."

பைக்குள் கையை விட்டு நாலாவது சட்டையை எடுத்துக் கொடுத்தேன். அவன் பிரித்துத் தோள் அளவைப் பார்த்தான். யாருடைய அளவு என்று அவனுக்குத் தெரியும். மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

மறுநாள் காலைக் காட்சிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனான். எனக்குக் கடையில் வேலை, பார்க்க முடியவில்லை. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் டீக்கடையில் இருந்தவர்களே கூப்பிட்டுச் சொன்னார்கள். பச்சைச் சட்டையில் அவள் வண்டியை ஓட்ட, நீலச் சட்டையில் மன்றத் தலைவர் பின்னால் உட்கார்ந்து போனாராம்.