செப்பு வளையத்தில் நான் பார்த்த கீறல்

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, ஒரு பெண் அழுததைப் பார்த்து உள்ளுக்குள் சந்தோஷப்பட்டவன் நான்.

சொந்த ஊர் வேடசந்தூர். திண்டுக்கல்லுக்கு வெளியே ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. ஆர்கான் வாயுவைக் குளிர வைத்துத் திரவமாக்கி, அதில் கலந்திருக்கும் ஆக்சிஜனை நீக்க வேண்டும். அரிய துகள்களைத் தேடும் கருவிகளுக்கு அந்தத் திரவம்தான் கண். துளி ஆக்சிஜன் இருந்தாலும் கருவிக்கு ஒன்றும் தெரியாது.

ஆர்கானைச் சுத்தம் செய்ய ஆளுக்கு ஒரு தொட்டி. எட்டு மாதமாக என் தொட்டியில் சுத்தம் வரவில்லை. எனக்குப் பிறகு சேர்ந்த நெய்க்காரப்பட்டி ஜெயராணிக்கு மூன்றே வாரத்தில் வந்தது. டீக்கடையிலும் அவள் பேச்சுதான். எனக்குச் சோறு இறங்கவில்லை. "ஆண்டவரே, எனக்குத் தராததை அவளுக்கு ஏன் தந்தீர்?" இதுதான் என் தினசரி ஜெபம்.

ஆவணியில் அவள் தன் தொட்டியின் வால்வை மாற்றினாள். இணைப்பில் வைத்த செப்பு வளையத்தில் மெல்லிய கீறல் இருந்தது. பார்த்தேன். வாய் திறக்கவில்லை.

காற்றுப் புகுந்து அவள் ஆர்கான் கெட்டது. மாத முடிவுக்குள் ஒரு தொட்டியாவது சரியாகாவிட்டால் இங்கே ஆய்வே நின்றுவிடும் என்றார் பேராசிரியர்.

"அண்ணா, எங்க கசியுதுன்னே தெரியலீங்க. நீங்களாச்சும் பாருங்க" என்று அழுதாள். எனக்கு இனித்தது.

"எனக்கென்ன தெரியும்?" என்றேன்.

ஞாயிறு ஆராதனையில் முழங்கால் போட்டேன். என் தொட்டிக்காகக் கேட்க வாய் வரவில்லை. உண்மையைச் சொல்லத் தைரியம் மட்டும் கேட்டேன். அழுதேன்.

மறுநாள் காலை அவள் முன்னால் நின்றேன். "அந்த வளையத்துல கீறல் இருந்துச்சும்மா. பாத்தேன். பொறாமையில சொல்லாம விட்டுட்டேன். அம்புட்டும் என் தப்பு."

அவள் திரும்பி இணைப்பைக் கழற்றத் தொடங்கினாள். பிறகு, "புது வளையம் எடுத்துட்டு வாங்க" என்றாள். முகம் பார்க்கவில்லை.

சேர்ந்தே மாற்றினோம். கசிவு நின்றது. கை துடைத்தவள் என் வடிகட்டி அருகே நின்றாள். ஆக்சிஜனைப் பிடிக்கும் அந்த வடிகட்டியை அவ்வப்போது சூடாக்கிப் புதுப்பிக்க வேண்டும்.

"சூடு பாக்குற கம்பிய வெளிய ஒட்டியிருக்கீங்களே, அது வெளிச் சூட்டத்தான காட்டும். உள்ள சூடே ஏறியிருக்காதுங்கண்ணா."

எட்டு மாதம் நான் அழுது கேட்டதற்குப் பதில் அடுத்த மேஜையில் இருந்திருக்கிறது! கம்பியை உள்ளே வைத்தேன். இரண்டே வாரத்தில் என் ஆர்கானும் சுத்தமானது. ஆய்வு பிழைத்தது. ஸ்தோத்திரம்.

துகள் தேடும் பெரிய கருவி ஒன்றில் வேலை செய்ய அவளைத்தான் அழைத்தார்கள். அன்றும் நெஞ்சு எரிந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது அவள் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறேன். எரிச்சல் வரும் நாளில் இன்னும் அதிகமாகச் செய்கிறேன்.

யார் உயர்ந்ததால் உங்களுக்குத் தூக்கம் போனதோ, அவர் பெயரை இன்றைக்கே ஆண்டவரிடம் சொல்லுங்கள். என்னைக் கைவிடாதவர் உங்களையும் கைவிட மாட்டார்.